கேளாது வந்த பொருள்: உரிமையும் கடப்பாடும்

ஒருவர் ஒரு பொருளை வேண்டவில்லை. அதற்குப் பணம் செலுத்தவில்லை. அதனை அனுப்பியவர் யாரென்பதையும் அறியார். எனினும், அவரது பெயரும் முகவரியும் பிழையின்றிப் பொறிக்கப்பட்ட பொதியொன்றைத் தபாற்காரர் அவர் கையிற் கொடுத்துச் செல்கிறார். அப்பொருள் யாருக்குரியது? அதனை வைத்துக்கொள்ளுதல் முறையாகுமா? வைத்துக்கொள்பவருக்குக் கடமை ஏதேனும் உண்டாகுமா? சிறியனவாகத் தோன்றும் இவ்வினாக்கள் கொடை, உடைமை, வாய்மை என்னும் மூன்று அறக்கருத்துக்களையும் ஒருங்கே தொட்டு நிற்கின்றன.

2020 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தாம் கேளாத விதைப் பொதிகள் தமக்குத் தபாலில் வந்துள்ளன என அந்நாட்டின் பல மாநிலங்களிலும் மக்கள் முறையிட்டனர். சீனாவிலிருந்து வந்தனவாகக் காணப்பட்ட அப்பொதிகள் சிலவற்றின் மேலுறையில் ஆபரணம் என்றே குறிக்கப்பட்டிருந்தது. கடுகு, கோவா, புதினா, செம்பரத்தை, ரோசா முதலியவற்றின் விதைகள் அவற்றுள் இருந்தமை பின்னர் அறியப்பட்டது. அயல்நாட்டுக் களைகளும் பயிர்நோய்களும் பரவக்கூடுமாதலால் அவற்றை நடவேண்டாம் என்றும், உறையோடு பேணிவைத்து அதிகாரிகளுக்கு அறிவிக்குமாறும் அந்நாட்டு விவசாயத் திணைக்களம் கேட்டுக்கொண்டது. இது வணிக மோசடி என்பதன்றி வேறெதற்கும் சான்றில்லை என்றும் அது கூறிற்று.

'பிரஷிங்' என வழங்கும் அம்மோசடியின் இயல்பு நோக்கற்பாலது. இணையச் சந்தையிற் பொருள் விற்கும் ஒருவன், எங்கோ பெற்ற பெயரையும் முகவரியையும் கொண்டு போலிக் கணக்கொன்றைத் திறக்கிறான். அக்கணக்கின் வழியே தன் பொருளைத் தானே வாங்குகிறான். பொருள் சேர்ந்ததற்குத் தபாற் பதிவு வேண்டுமாதலால் மலிவும் பாரக்குறைவும் உடைய ஏதேனுமொன்றை அம்முகவரிக்கு அனுப்புகிறான். பின்னர், உண்மையாகவே வாங்கியவர் எழுதியது போன்ற புகழுரையொன்றைத் தானே எழுதிப் பதிகிறான். அதனை நம்பிப் பிறர் வாங்குகின்றனர். ஆகவே, இங்கு பொருள் வெறும் உமி, பெயரே மணி.

கேளாது அனுப்பப்படும் பொருள் பற்றிச் சட்டம் சிந்திக்காமலில்லை. முன்னர் வணிகர் சிலர் வேண்டாத பொருளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்கு விலை கேட்டு மக்களை நெருக்கினர். இதனைத் தடுக்கும் பொருட்டு அமெரிக்காவில் 1970 இலும் பிரித்தானியாவில் 1971 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அமெரிக்கச் சட்டத்தின்படி, இத்தகைய பொருளைப் பெறுநர் நன்கொடையாகவே கொள்ளலாம். விலை கொடுக்கவோ திருப்பி அனுப்பவோ வேண்டியதில்லை. அக்காலத் தீங்கிற்கு இது தக்க பரிகாரமே. ஆயின், அன்றைய வணிகன் பெறுநரின் பணத்தை நாடினான். இன்றைய வணிகன் அதனை நாடவில்லை. எனவே, பொருள் யாருடையது என்னும் வினாவுக்குச் சட்டம் விடையளிப்பினும், அறவினா அங்கு முடிவுறவில்லை.

சட்டம் நன்கொடை என்கின்ற இப்பொருள் உண்மையிற் கொடைதானா? கொடுப்போனின் கருத்தும் கொள்வோனின் ஏற்பும் கூடியவிடத்தே கொடை பிறக்கின்றது. இலங்கையிலும் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் நன்கொடைக்கு ஏற்பு இன்றியமையாதது எனக் கொள்வது இதனாலேயே. கொடுத்தல், பெறுதல், கைம்மாறு செய்தல் ஆகிய மூன்று கடப்பாடுகள் கொடையைச் சூழ்ந்து மனிதரைப் பிணிக்கின்றன என்பது பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925 இல் வெளியிட்ட ஆய்வின் சாரமாகும். இங்கோ அப்பிணைப்பு எதுவுமில்லை. அனுப்பியவனுக்குப் பெறுநர் மீது அன்பில்லை. பெறுநருக்கு அவன்பால் நன்றி தோன்ற இடமில்லை. இது கொடையின் உருவத்தை மட்டும் அணிந்து வந்த ஒன்று.

இனி, உடைமையை நோக்குவோர்க்கு ஒரு விந்தை புலப்படும். பௌத்தம் கூறும் ஐந்து சீலங்களுள் இரண்டாவது, கொடாததைக் கொள்ளாமை. பொதியை வைத்துக்கொள்பவரே இதனை மீறுகிறார் என முதலில் ஐயுறத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், கொடாததைக் கொண்டவன் அனுப்பியவனே. அவன் கொண்டது பெறுநரின் பெயர். மனிதரை வெறுங் கருவியாக மட்டும் பயன்படுத்தலாகாது என்ற இம்மானுவேல் கான்ற்றின் நெறிக்கு இதனினும் வெளிப்படையான மீறலைக் காண்டல் அரிது. கருவியாக்கப்பட்டவருக்குத் தாம் கருவியானதுகூடத் தெரியாது. திருக்குறளிற் கள்ளாமையை அடுத்து வாய்மை வைக்கப்பட்டிருத்தல் ஈண்டு நினையத்தக்கது. இங்கு களவும் பொய்யும் ஒரே செயலின் இரு முகங்களாகின்றன.

அவ்வாறாயின், பெயர் களவாடப்பட்டவருக்குக் கடமை எங்ஙனம் உண்டாகும்? தாம் செய்யாத செயலுக்கு ஒருவர் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என வினவுதல் நியாயமே. குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதே இதற்கு விடை. தன் கையொப்பம் போலியாக இடப்பட்டதை அறிந்தவன் குற்றவாளி அல்லன். ஆயினும், அதனால் அயலார் ஏமாறுவதை அறிந்தும் வாளாவிருப்பானாயின், அவன் மௌனம் போலிக்குத் துணையாகின்றது. விற்பனை நிகழவில்லை என்பதை மோசடிக்காரனை விடுத்தால் நேரில் அறிந்தவர் பெறுநர் ஒருவரே. பிறருக்கில்லாத அவ்வறிவு, சிறு முயற்சியாற் பிறரைக் காக்க வல்லதாயிருக்கும்போது, அதுவே கடமையாகின்றது. இக்கடமை அனுப்பியவனுக்குரியதன்று, அப்புகழுரையை நம்பப்போகும் முகமறியா மக்களுக்குரியது.

இக்கடமைக்கு எல்லையும் உண்டு. சந்தை நிறுவனத்துக்கு ஒருமுறை அறிவித்தல் எளிது; கடல்கடந்த வணிகனைத் தேடி அலைதல் எவராலும் இயலாது. சந்தையை நடத்தி ஆதாயம் பெறுவோரின் சுமையைத் தனிமனிதர் தோளில் ஏற்றுதலும் முறையன்று. போலிப் புகழுரைகளைத் தடைசெய்யும் விதியை அமெரிக்க அரசு 2024 இற் கொணர்ந்தமை, சுமை எங்கு இருக்கவேண்டும் என்பதை ஓரளவு காட்டுகின்றது.

விதைப் பொதிகளின் கதை 2021 இல் எதிர்பாராத திருப்பமொன்றைக் கண்டது. இதழாளர் ஒருவர் ஆராய்ந்தபோது, கேட்கவில்லை என்று உறுதியாக நம்பியவர்கள் சிலர், நோய்த்தொற்றின் தொடக்க மாதங்களில் தாமே விதைகளை வேண்டி, பின்னர் மறந்திருந்தமை தெரியவந்தது. இதனால் மேற்கூறிய வாதம் தளர்ந்துவிடுவதில்லை. ஆயின், அதற்கு முற்படியொன்று தேவை என்பது புலனாகின்றது. பிறனைப் பொய்யன் என உரைக்குமுன், தன் நினைவையும் பழைய கணக்கையும் சோதித்தல் வேண்டும். வாய்மை பிறரிடம் வேண்டப்படுவது மட்டுமன்று. முதலில் தன்னிடமே வேண்டப்படுவது.

ஆகவே, கேளாது வந்த பொருளை வைத்துக்கொள்வதிற் பழியில்லை. அதனோடு வந்த பொய்யையும் வைத்துக்கொள்வதே பழியாகும்.