இறுக்கியவர் யார்?

அறம் பற்றிய வினாக்கள் நூலகத்திலும் வகுப்பறையிலும்தான் பிறக்கின்றன என்று குருமடத்தில் பயின்ற நாள்களில் நானும் எண்ணியிருந்தேன். எண்ணெய் படிந்த கோணிச் சாக்கின்மேல் அமர்ந்திருந்த ஒரு ஞாயிறு மாலை அந்த எண்ணத்தை மாற்றியது. அன்று என்னுள் எழுந்த வினா சிறியதுதான்: பலர் கூடிச் செய்த ஒரு வேலைக்குப் பொறுப்பாளி யார்? விடை தேடிப் புறப்பட்டபோதுதான் அது எத்துணை ஆழமானது என்பது புலப்பட்டது.

தூத்துக்குடியில் பழைய புல்லட் வண்டி வைத்திருப்போர் சிலர், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பிற்பகலில், நண்பர் ஒருவரின் தோட்டத்து வேப்பமர நிழலில் கூடுகிறோம். துறைமுகத் தொழிலாளி, உப்பளக் கணக்கர், பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர் எனப் பலரும் வருவர். பட்டறைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரும் உண்டு. அவரை அனைவரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். கிராமங்களுக்குச் சென்றுவர நானும் பல்லாண்டுகளாகப் புல்லட்டையே நம்பியிருப்பதால் எனக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்தது. தமிழகத்து உப்பில் பெரும்பகுதியை விளைவிக்கும் மண் எங்களுடையது. அந்த உப்பைச் சுமந்துவரும் கடற்காற்று செயினைத் துருப்பிடிக்க வைக்கும். சக்கரத்துக் கம்பிகளை அரிக்கும். பிரேக் கேபிளை உறைக்குள்ளேயே இறுகச் செய்யும். ஆகவே எங்கள் ஊரில் வண்டியைப் பேணுவது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு மட்டுமன்று; அது தேவையும் ஆகும்.

புல்லட்டின் வரலாறு பலரும் அறிந்ததே. இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டி, 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியாகத் திருவொற்றியூரில் உருப்பெறலாயிற்று. 346 சி.சி. கொள்ளளவு கொண்ட அதன் வார்ப்பிரும்பு என்ஜின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. அடிக்கடி கவனிக்கப்பட வேண்டிய என்ஜின் அது. எடுத்துக்காட்டாக, அதன் டாப்பெட்டைச் சரிசெய்யும் முறையைப் பாருங்கள். என்ஜின் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் மேலே வந்து இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், புஷ் ராடை இரு விரல்களால் உருட்டிப் பார்க்க வேண்டும். அது தடையின்றி உருள வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. இவ்வளவுதான் விதி. தடையின்றி உருள்வது என்றால் எவ்வளவு எளிதாக? இதைச் சொல்லால் விளக்க இயலாது. அண்ணாச்சி முதலில் தாம் உருட்டிக் காட்டுவார். பின்பு நம் விரலை அங்கே வைக்கச் சொல்வார். "இப்ப தெரியுதா?" என்பார். தெரியவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை. இந்த அறிவு விரலிலிருந்து விரலுக்கே செல்கிறது. அதற்காகவே நாங்கள் கூடவேண்டியிருக்கிறது.

வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகிறான், அதுபோல நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமானாகிறான் என்பது அரிஸ்டாட்டில் தரும் விளக்கம். நட்பை அவர் மூவகையாகப் பிரித்ததையும் நாம் அறிவோம்: பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்பண்பில் வேரூன்றிய நட்பு. எங்கள் கூட்டம் முதல்வகையில்தான் தொடங்கியது. ஒருவரிடம் நல்ல ஸ்பானர்கள் இருந்தன. மற்றவரிடம் மின்கம்பி பற்றிய அறிவு இருந்தது. என்னிடம் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு கைகள் இருந்தன. இந்தப் பயன் நட்பு வேறொன்றாக மாற முடியுமா என்பதை அந்த ஞாயிறு மாலை சோதித்தது.

அன்று ஆசிரியரின் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஷூவை மாற்றி, மீண்டும் பூட்டிக்கொண்டிருந்தோம். நான் சக்கரத்தைத் தாங்கிப் பிடித்தேன். மாணவத் தம்பி அச்சைச் செருகி, அதன் நட்டைக் கையால் திருகினான். ஆசிரியர் செயினின் தொய்வைச் சரிசெய்தார். தொய்வு சரியான பின்னரே நட்டை ஸ்பானரால் முழுமையாக இறுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. பேச்சு எங்கோ திரும்பியது. சற்று நேரத்தில் ஆசிரியர் கைகழுவி விடைபெற்றார். வீட்டில் காத்திருந்த மகளைப் பின்னால் அமர்த்தி, திருநெல்வேலியில் அவள் பயிலும் விடுதியில் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது.

அவர் சென்று அரைமணி நேரம் கழிந்திருக்கும். மாணவன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "அண்ணாச்சி, அந்தப் பின்சக்கர நட்டை நான் கையால திருகுனேன். ஸ்பானர் போட்டேனான்னு எனக்கு நினைவில்ல" என்றான். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அச்சு நட் தளர்ந்தால் சக்கரம் சாயும். செயின் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடவும் கூடும். பின்னால் அமர்ந்திருப்பது ஒரு சிறுமி. ஆசிரியரைக் கைப்பேசியில் அழைத்தோம். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் காதில் அது விழவில்லை. அண்ணாச்சி ஒரு சொல்லும் பேசாமல் ஸ்பானரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தம் வண்டியை உதைத்துக் கிளப்பித் திருநெல்வேலிச் சாலையில் விரைந்தார்.

வாகைக்குளத்தைத் தாண்டி ஒரு தேநீர்க் கடையருகே அவர்களைக் கண்டார். நட்டில் ஸ்பானரை வைத்துப் பார்த்தார். அது நன்றாக இறுக்கப்பட்டிருந்தது.

செய்தி வந்ததும் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. சிலர் மாணவனைப் பார்த்துச் சிரித்தனர். "சும்மா கிடந்தவங்களக் கலக்கிட்டியேடே" என்றார் ஒருவர். திரும்பிவந்த அண்ணாச்சி அந்தச் சிரிப்பைக் கேட்டார். "யாரும் சிரிக்கக் கூடாது. இன்னைக்குச் சிரிச்சா, அடுத்த தடவ அவன் வாயத் திறக்க மாட்டான்" என்றார். பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டார்: இறுக்கியது யார்? ஆசிரியருக்கு நினைவில்லை. மாணவனுக்கு நினைவில்லை. எனக்கும் நினைவில்லை. அருகிலிருந்த வேறு எவரும் தாம் இறுக்கியதாகச் சொல்லவில்லை.

இங்கே நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தபோதே அந்த ஐயம் எனக்கும் தோன்றியிருந்தது. ஆசிரியர் வண்டியைக் கிளப்பியபோது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "அவர்கள் பார்த்திருப்பார்கள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கும் அடியில் இன்னொரு காரணம் இருந்தது. மறையுரை மேடையில் நின்று பிறருக்கு அறிவுரை கூறுகிற நான், ஒரு நட்டைப் பற்றி நினைவில்லை என்று இளைஞர் நடுவே சொல்லக் கூசினேன். இருபது வயது இளைஞன் சொன்னதை ஐம்பதைக் கடந்த நான் சொல்லவில்லை. நட் இறுகியிருந்தது என்பதால் என் மௌனம் குற்றமற்றதாகிவிடுமா? விளைவு நல்லதாயிற்று, ஆனால் அந்நல்விளைவில் எனக்கு எப்பங்கும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகிய இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் மௌனத்தை எனக்கு விளக்கியது. தனித்தனி அறைகளில் அமர்ந்திருந்த மாணவர்கள், ஒலிக்கருவி வழியாக ஒருவர் வலிப்பில் துடிப்பதைக் கேட்குமாறு செய்தனர். தாம் ஒருவரே கேட்கிறோம் என்று நம்பியவர்களுள் 85 விழுக்காட்டினர் வலிப்பு முடியுமுன்னரே உதவி தேடினர். தம்மோடு இன்னும் நால்வர் கேட்கின்றனர் என்று நம்பியவர்களுள் அவ்வாறு செய்தோர் 31 விழுக்காட்டினரே. உதவாதவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அவர்களுள் பலருக்குக் கைகள் நடுங்கின என்று ஆய்வாளர்கள் குறித்துள்ளனர். பொறுப்பு பலர்மீது பரவும்போது ஒவ்வொருவரும் தம் பங்கு சிறியது என்று கருதிவிடுகின்றனர். ஒரு ரூபாயை ஐவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு இருபது காசு வருவதுபோல, கடமையையும் நாம் மனத்துக்குள் வகுத்துக்கொள்கிறோம்.

ஆனால் கடமை வகுபடும் பொருள்தானா? குருமடத்தில் நாங்கள் கற்ற அறநெறியியலில் ஈடுசெய்தல் பற்றிய பாடம் ஒன்று உண்டு. பலர் சேர்ந்து ஒருவருக்குத் தீங்கு இழைத்தால், அதை ஈடுசெய்யும் கடமை யாருக்கு என்பது அதன் வினா. சில சூழல்களில் அவர்களுள் ஒவ்வொருவரும் முழுமைக்கும் கடன்பட்டவர். மற்றவர் தரத் தவறினால் எஞ்சியவர் முழுவதையும் தரவேண்டும் என்பது விடை. இந்நிலையை உரோமைச் சட்டம் 'இன் சோலிதும்' என்னும் இலத்தீன் தொடரால் குறித்தது. 'முழுமைக்கும்' என்பது அதன் பொருள். ஒருமைப்பாடு என்று நாம் இன்று மொழிபெயர்க்கும் 'சாலிடாரிட்டி' என்ற சொல் அவ்வேரிலிருந்தே முளைத்தது. மேடைகளில் இனிய உணர்வாக ஒலிக்கும் அச்சொல், பிறப்பால் ஒரு கடன் சொல்! நண்பனின் சக்கரத்தைத் தொட்ட மூவருள் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு என்பதில்லை. மூவருக்கும் முழுப் பொறுப்பு. அவன் மகளின் உயிரை மூன்றாக வகுக்க முடியாது அல்லவா?

இதைக் கேட்பவர் ஒரு மறுப்பை எழுப்பலாம். "இவ்வளவு பாரத்தை யார் சுமப்பார்? இப்படியானால் எவரும் பிறர் வண்டியைத் தொடவே அஞ்சுவர். பட்டறையில் கொடுத்துப் பணம் கட்டினால் பொறுப்பு அவர்களுடையது. நாம் நிம்மதியாக உறங்கலாம்." இம்மறுப்பில் நியாயம் உண்டு. மனச்சான்றோடு உழைக்கும் பட்டறைத் தொழிலாளர் எத்தனையோ பேர். அண்ணாச்சியே அவர்களுள் ஒருவர். நேர்மையான கூலிக்கு நேர்மையான உழைப்பு என்பது உயர்ந்த ஏற்பாடு. எனினும் பணம் பொறுப்பைக் கைமாற்ற வல்லதேயன்றி அதன் எடையைக் குறைக்க வல்லதன்று. பட்டறையிலும் யாரோ ஒருவர் தமக்கு ஐயம் என்று வாய்திறந்து சொல்லவேண்டிய கணம் வரும். அதைச் சொல்லும் துணிவை எந்த விலைப்பட்டியலும் விற்பதில்லை.

பாரத்தைச் சுமக்கும் வழியை அண்ணாச்சியின் ஒரு சொல் காட்டியது: யாரும் சிரிக்கக் கூடாது. ஐயத்தைச் சொல்பவன் அவமானப்படாத இடத்தில் முழுப் பொறுப்பும் சுமக்கக் கூடியதாகிறது. சொல்லப்பட்ட ஐயத்தை அடுத்தவர் கை சரிபார்க்கும். சொல்லப்படாத ஐயத்தை எவர் சரிபார்ப்பார்? புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் நற்பண்பின் கூறுகளை எண்ணும்போது, கற்பிக்கப்படுவதற்கு இசையும் மனத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். கற்றறிந்தவர்க்கும் அது தேவை. விவேகத்துக்குரிய செயல்களில் எவரும் தமக்குத் தாமே போதுமானவர் அல்லர் என்பது அவர் கருத்து. இளைஞர்க்கு மட்டும் உரியதென்று நான் ஒதுக்கிவைத்திருந்த பண்பு அது.

அதன்பின் எங்கள் கூட்டத்தில் இரண்டு வழக்கங்கள் வந்தன. பிரேக், சக்கரம், கைப்பிடி ஆகியவற்றில் ஒரு நட்டை இறுக்கியவர் "இறுக்கிவிட்டேன்" என்று உரக்கச் சொல்லி, நட்டின்மீதும் அதை ஒட்டிய இரும்பின்மீதும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட் பின்னர் அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். அடுத்து, வேலையில் கைவைக்காத ஒருவர் வந்து அதைப் பார்க்க வேண்டும். விமானப் பராமரிப்பிலும் உயிர்ப்பாதுகாப்புக்குரிய வேலையைச் செய்தவரே அதைச் சோதித்துச் சான்றளிக்கலாகாது என்ற நெறி உண்டு. செய்தவர்மீது நம்பிக்கை இல்லாததால் பிறந்த நெறியன்று அது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்னும் மனித உண்மையை ஏற்றுக்கொண்டதால் பிறந்தது.

காலம் மாறிவருகிறது. வார்ப்பிரும்பு என்ஜின் 2010ஆம் ஆண்டையொட்டி விடைபெற்றது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 மாசுவிதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய புல்லட்டில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணுவால் இயங்கும் எரிபொருள் செலுத்தி பிடித்துக்கொண்டது. அதன் கோளாற்றைக் கண்டறியக் கருவி வேண்டும், விரல் போதாது. புதிய வண்டியோடு வரும் இளைஞர்கள் செயினுக்கு எண்ணெயிடவும் பிரேக்கைப் பார்க்கவும் மட்டுமே எங்களோடு அமர்கின்றனர். வேப்பமரத்தடியில் கூடுவோர் நாளடைவில் குறையலாம். ஆயினும் எந்த எந்திரமானாலும் அதன் இறுதித் திருகலில் ஒரு மனிதர் இருப்பார். அவர் உண்மை சொல்ல அஞ்சாதவராக இருக்கவேண்டும். குடும்பத்திலும் மருத்துவமனையிலும் ஆட்சிமன்றத்திலும் இதுவே நிலை.

அந்த நட்டை இறுக்கியவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. யாரோ ஒருவர், பேச்சின் நடுவே குனிந்து, ஸ்பானரை எடுத்துத் தம் கடமையைச் செய்து, மறந்தும்போயிருக்கிறார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். மாணவனுக்கு அதைவிட மிகுதியாகக் கடன்பட்டவன்.

அடுத்த மாதம் உப்பளக் கணக்கரின் வண்டியில் முன்பிரேக் கேபிளைப் பூட்டியது நான். அவர் கிளம்பப் போகும்போது பழைய கூச்சம் தொண்டை வரை வந்தது. "அண்ணாச்சி, ஒருமுறை பாருங்க. சரியாப் பூட்டினேனா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது" என்றேன். அவர் வந்து குனிந்து பார்த்தார். "இன்னும் கால் சுத்து வேணும் ஃபாதர்" என்று சொல்லி ஸ்பானரை என் கையிலேயே கொடுத்தார்.

யாரும் சிரிக்கவில்லை.