கொழுந்தின் பாதையும் மனிதரின் பாதையும்

பறித்த கொழுந்து நெடுநேரம் காத்திராது. கூடையில் அமுங்கிச் சூடேறினால் அதன் தரம் கெட்டுவிடும். ஆகவேதான் தோட்டங்களில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை நிறுவை நடக்கிறது. லொறி மலைக்கே வந்து கொழுந்தை ஸ்டோருக்குக் கொண்டு செல்கிறது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும் கொழுந்து மடுவத்திலிருந்து ஸ்டோருக்கு ஒரு வண்டிப் பாதை உண்டு. லயத்திலிருந்து வைத்தியசாலைக்கு அப்படியொரு பாதை உண்டா என்று கேட்டால் விடைகூறத் தயங்க வேண்டியிருக்கிறது. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்ற கதையைக் கேளாதார் மலையகத்தில் அரியர். லொறியைத் தந்துதவியவரின் இரக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், இலைக்கென அமைந்த வண்டியில் மனிதர் இரவலாக ஏறிச் செல்லும் நிலை இரக்கத்தால் தீரக்கூடியதன்று.

இது நேற்று முளைத்த நிலையுமன்று. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்து ஏழை மக்கள் மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். அவர்கள் உழைப்பில் விளைந்த கோப்பியோ மாட்டு வண்டியேறிக் கொழும்புக்குச் சென்றது. அதன் செலவும் தாமதமும் துரைமாரை வருத்தவே, இருப்புப் பாதை வந்தது. 1867இல் கண்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. இடையில் இலைநோயால் கோப்பி அழிந்து, புகைவண்டிப் பெட்டிகளைத் தேயிலை நிரப்பிற்று. நோயைப் பற்றிய கவலை ஆட்சியாளருக்கு இல்லாமலில்லை. மண்டபத்தில் முகாம் அமைத்து, இலங்கைக்கு வருவோரைத் தடுத்து வைத்துச் சோதித்தே அனுப்பினர். தொழிலாளியால் பிறருக்கு நோய் வந்துவிடக் கூடாதே என்ற கவலை அது.

இன்று உலகெங்கும் ஓர் உபதேசம் கேட்கிறது: காரைக் குறையுங்கள், நடவுங்கள், பொது வண்டியில் செல்லுங்கள், உடலுக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது. இதை நாம் மறுக்கவில்லை. எண்ணெய்ப் புகை நுரையீரலையும் பருவ மழையையும் ஒருங்கே கெடுக்கிறது என்பது உண்மை. ஆனால் இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், உலகின் தலைசிறந்த பிரயாணி யார்? விடியலில் பெரட்டுக்கு நடந்து, நாள் முழுதும் கூடை சுமந்து சரிவேறி, மாலையில் கடைக்கு இரண்டு மூன்று மைல் நடக்கும் தோட்டத்துப் பெண்ணே. அவள் ஒரு துளி பெட்ரோலும் எரிப்பதில்லை. அதற்காக அவளைப் புகழ்ந்தால் அது கேலியாகும். உபவாசத்திலும் வயிறு காலிதான், பட்டினியிலும் வயிறு காலிதான். இரண்டையும் ஒன்றென்று எவரும் கூறார். வேறு வழியிருந்தும் நடப்பவனுடைய நடைக்கே அறத்தின் பெயர் பொருந்தும். 2022இல் எரிபொருள் வற்றியபோது நகரத்தார் நடந்ததைத் தேசத்தின் பேரிடர் என்றோம். தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பதை இயல்பு என்றல்லவா எண்ணியிருந்தோம்!

அப்படியானால் ஆளுக்கொரு வண்டி என்பதே விடையா? கடனுக்கு முச்சக்கர வண்டி வாங்கும் தோட்டத்து இளைஞனை நாம் பழிக்க மாட்டோம். நள்ளிரவில் லயத்துக்கு ஆம்புலன்ஸ் அவன்தான். ஆனால் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வாடகை, கொழுந்து பறித்து ஈட்டிய கூலியில் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் கொழும்புக் கார்கள் நுவரெலியா வீதிகளை அடைத்துக்கொள்கின்றன. அவற்றுக்காக வீதியை அகலமாக்கச் சரிவை வெட்டுகிறார்கள்; தக்க அரணின்றி வெட்டிய சரிவு மழைக்கு நில்லாது. கீழே லயம் இருந்தால் மண் அங்கேதான் போகும். 2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயா ரதெல்லைச் சரிவில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி எழுவர் மாண்டனர். 2025 மே 11ஆம் நாள் கொத்மலை கெரண்டி எல்லையில் அரசாங்க பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1958இல் பஸ்கள் தேசியமயமானதை முற்போக்காளர் வரவேற்றனர், சரியாகவே வரவேற்றனர். எனினும் பொது உடைமை என்பது வண்டியின் பக்கத்தில் எழுதும் பெயரோடு முடிவதன்று. களைப்பாறிய சாரதியும் பழுதற்ற பிரேக்கும் அளவான கூட்டமும் அதில் அடக்கம்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சிறு இரயில் ஓடியது இளைய வாசகர் பலருக்குத் தெரிந்திராது. 1904இல் இராகலையை எட்டிய அக்குறும்பாதை, வீதிப் போக்குவரத்தின் போட்டிக்கு ஆற்றாது 1940களில் மறைந்தது. தேயிலைப் பெட்டி லொறிக்கு மாறியதும் பாதைக்கு வேலையில்லை என்று கணக்குத் தீர்ந்தது. அதில் ஏறி இறங்கிய மனிதர் அக்கணக்கில் எந்த வரியிலும் இல்லை. இன்று நுவரெலியா நகருக்கு இரயிலே கிடையாது. எஞ்சிய மலைப் பாதையோ உலகப் புகழ் பெற்றுவிட்டது! வாசலில் தொங்கிப் படமெடுக்கும் உல்லாசப் பிரயாணிமீது நமக்குக் காய்ச்சல் இல்லை. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிக்கு அதே வண்டியில் உட்கார ஓர் இடம் வேண்டுமென்றுதான் கேட்கிறோம்.

2016இல் தொடங்கிய 1990 ஆம்புலன்ஸ் சேவை இலவசமானது, மெய்யாகவே மக்களுக்குரியது. ஆனால் சக்கரம் ஏறும் இடத்தோடு அது நின்றுவிடும். அதற்கப்பால் கம்பளியில் கிடத்தித் தோளில்தான் தூக்கி வரவேண்டும். தோட்டப் பாதையை யார் செப்பனிடுவது? கம்பெனி சபையைக் காட்டும். சபை சட்டத்தைக் காட்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களைச் சபைகளின் பணிக்கு எட்டாமல் வைத்திருந்தது. வரி பெறும் நாட்டில், வாக்களிக்கும் மக்களுக்கு, தம் சபையிடம் ஒரு படிக்கட்டுக் கேட்கவும் வழியில்லாதிருந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தில் சபைகளின் தொகையும் கூடிற்று. ஆகவே சட்டம் என்ற சாக்கு இப்போது இல்லை. பணம் என்ற சாக்கு இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வீதிகளையும் இருப்புப் பாதையையும் அறுத்துப்போட்டபின் அந்தச் சாக்கு இன்னும் பெரிதாகும். திருத்தும் வேலையில் எந்தப் பாதை முதலில் என்ற பட்டியல் எழுதப்படும்போது, ஸ்டோருக்குப் போகும் பாதைக்காகப் பேச ஆள் இருப்பார்கள். மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் அக்கரப்பத்தனையிலும் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் சபைக் கூட்டத்துக்குச் சென்று, எந்தத் தோட்டத்தில் எந்த லயம்வரை ஆம்புலன்ஸ் ஏறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவைக்கட்டும்.