முடிவு அவளுடையது

குடும்ப வன்முறை, அதாவது வீட்டு உறவின் மறைவில் உடலையும் மனத்தையும் வருமானத்தையும் குறிவைக்கும் கொடுமை, தன் வாழ்வைக் குறித்துத் தானே முடிவெடுக்கும் பழக்கத்தையே ஒரு பெண்ணிடமிருந்து முதலில் பறிக்கிறது. ஆகவே அவளுக்காக முடிவெடுத்துவிடும் உதவி, எவ்வளவு கனிவானதாயினும், அப்பறிப்பின் தொடர்ச்சியாகிவிடக்கூடும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடைக்கலம் கோருபவளைக் காப்பகம் ஏற்க வேண்டும் என்பதோடு, சொத்துரிமை இல்லாவிடினும் தான் வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் அவளுக்கு அளிக்கிறது. வெளியேறுவது மட்டுமே வழியன்று என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது, சுற்றத்தார்தாம் பெரும்பாலும் அறிவதில்லை.

மருத்துவம், காவல், சட்ட உதவி, மனநல ஆலோசனை ஆகியவற்றை ஓரிடத்தில் இணைக்கும் 'சகி' மையத்தில் தங்குவது சில நாட்களுக்கே. அதன் பின்னான நீண்ட காலத்தில்தான் அவளுக்குத் துணைநிற்கும் தன்னார்வலரின் பணி கனக்கிறது. தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம் போன்ற மலையடிவாரச் சிற்றூரிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை வழியே ஏலக்காய்த் தோட்டத்திற்கு ஜீப்பில் நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு, தேனிக்குச் சென்று மனு அளிப்பதென்பது அன்றைய கூலியை இழப்பதாகும்; உடன் பயணிப்போர் உறவினரோ அண்டை வீட்டாரோ ஆகும்போது இரகசியம் காப்பதும் எளிதன்று. இத்தகைய நிலையில், 'ஏன் இத்தனை நாள் பொறுத்தாய்' என்று வினவாமல் கேட்பதும், காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் உடன் செல்வதும், அவள் வீடு திரும்பத் தீர்மானித்தால் 181 என்ற உதவி எண்ணையும் மீண்டும் வருவதற்கான வழியையும் சொல்லி அனுப்புவதும் அப்பணியில் அடங்கும்.