பசிக்கு வேலை நிபந்தனையா?

பசித்தவருக்குச் சோறிடும் முன் அவரிடம் வேலை கேட்கலாமா? இந்த அறக்கேள்விக்கு நேரெதிரான இரு விடைகள் பத்தாண்டு இடைவெளியில் தமிழ் மண்ணிலேயே நடைமுறைக்கு வந்தன. 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்காமல் பசியை ஆற்ற வேண்டும் என்பது அவருடைய ஜீவகாருண்ய நெறி. அங்கே உண்பதற்குப் பசி ஒன்றே தகுதி.

1877 பஞ்சத்தில் ஆங்கில அரசு அந்தப் பசியையே சோதிக்க முனைந்தது. உடம்பில் வலுவுள்ளவர், வீட்டிலிருந்து பத்து மைலாவது தள்ளிப் போய் மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். வேறு வழியே இல்லாதவர்தான் அவ்வளவு தொலைவு வருவார் என்பது கணக்கு. ஆணின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியத்தின் விலை, அதற்கு மேல் ஓரணா என்று இந்திய அரசு பஞ்சத்தைக் கவனிக்க அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாளெல்லாம் மண் சுமக்கும் உடம்பை அது தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அவர் சொன்னதே சரி.

அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். ஆளுநர் பக்கிங்காம் பெயரைத் தாங்கிய அந்த நீர்வழியில் பின்னர் சென்னைக்குப் படகுகள் சரக்கேற்றி வந்தன. ஊருக்குக் கிடைத்த அந்தப் பயன், வெட்டியவருக்கு இழைத்த கொடுமையை நியாயமாக்கிவிடாது. வயிறார உண்ணும் கூலி கொடுத்தும் அதே கால்வாயை வெட்டியிருக்கலாம்.

உழைப்பைக் கேட்டதை மட்டும் குற்றமாகச் சொல்ல முடியாது. ஏரி தூர்வாரிக் கூலி வாங்குபவர் யாரிடமும் கையேந்தவில்லை. அவர் உழைப்பால் ஊருக்கு நீர் நிற்கிறது. தேர்ந்துகொள்ளும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் அந்த உரிமையைத் தொழிலாளியிடம் தந்தது. மக்கள் நூறு நாள் வேலை என்றழைத்த அத்திட்டத்தில், விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் அரசு வேலையில்லாப் படி தர வேண்டியிருந்தது. வேலை 5 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் கூலியில் 10 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டியிருந்தது. 1877-இல் தொலைவு பசித்தவரைச் சோதிக்கும் கருவி. இச்சட்டத்தில் அது அரசு ஈடு செய்ய வேண்டிய குறையாக இருந்தது.

ஆயினும் இச்சட்டம் உடலுழைப்புக்கு முன்வரும் வயதுவந்தோருக்கானதாகவே இருந்தது. மண்வெட்டி தூக்க இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் வேலையுரிமையால் பசி தீராது. அவர்களைப் பொறுத்தவரை வடலூரின் விடையே இன்றும் பொருந்துகிறது. தருமச்சாலையில் இன்றும் விசாரணையின்றிச் சோறிடுகிறார்கள்.