கட்டை சொல்லும் கணக்கு

மரக்கட்டை அடுக்கி விளையாடும் பள்ளிகளுக்கு ஓர் அரசு தடை விதித்தது, தோழர்களே! ஆண்டு 1851, நாடு பிரஷ்யா. ஜெர்மானியராகிய பிரோபெல் 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தொடங்கி, பின்னர் 'குழந்தைத் தோட்டம்' எனப் பெயரிட்டு வளர்த்த பள்ளிகள் அவை. நாத்திகமும் சமதர்மமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவரோ பழுத்த பக்திமான். கனசதுரத்திலும் கடவுளின் ஒழுங்கைக் கண்டவர்! 1852-இல் அவர் மறைந்தார். தடை நீங்கியது 1860-இல்.

குற்றச்சாட்டு பொய். அதன் பின்னிருந்த அச்சமும் பொய்தானா?

அவர் தந்த பெட்டிகளுள் ஒன்றைத் திறப்போம். உள்ளே ஒரு கனசதுரம். நீளம், அகலம், உயரம் என மும்முறை வெட்டப்பட்டு எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரிவது. நான்கு வயதுச் சிறுமி பிரிக்கிறாள்: பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. கால், அரைக்கால் என்னும் சொற்களை அவள் அறியாள். பொருளை அவள் விரல்கள் அறிந்துவிட்டன. இன்னும் கட்டைகள் தந்து, இதைவிடப் பெரிய கனசதுரம் கட்டச் சொல்வோம். எட்டுடன் எட்டைச் சேர்க்கிறாள். நீண்ட பெட்டிதான் வருகிறது. கலைத்துக் கட்டுகிறாள், மீண்டும் கலைக்கிறாள். பக்கத்துக்கு மூன்றாக அடுக்கி முடிக்கையில் இருபத்தேழு கட்டைகள் சேர்ந்துவிட்டன. "தவறு" என்று எவரும் உறுமவில்லை, பிரம்பு எழவில்லை. கட்டையே மறுத்தது, கட்டையே ஒப்பியது.

உண்மைக்குச் சான்று சொல்பவரின் பதவியா, பொருளின் நடத்தையா? "ஆசிரியர் சொன்னார், ஆகவே மூவொன்பது இருபத்தேழு" என்று ஒப்பிக்கும் பிள்ளையின் விடை சரிதான். "மன்னர் சொன்னார், ஆகவே அது நீதி" என்பதையும் நாளை அவன் அதே பணிவுடன் ஏற்பானே! கட்டையிடம் கேட்டுப் பழகியவனை அவ்வளவு எளிதில் ஆள முடியாது. பிரஷ்ய அதிகாரிகள் இவ்வளவு ஆழமாக எண்ணினரோ இல்லையோ, அஞ்ச வேண்டியவர்களே அஞ்சினர்.

வாய்பாடு வேண்டாமென நாம் கூறவில்லை. விரைந்து கணக்கிட அது வேண்டும். கட்டைகளைக் கொட்டிவிட்டு ஆசிரியர் உறங்கினாலும் கணிதம் வந்துவிடாது. "எத்தனை? எப்படித் தெரிந்தது?" என்று கேட்பவர் அருகே இருத்தல் வேண்டும்.

பிரோபெலும் கட்டுப்பாடு விரும்பியவரே. ஒரு கட்டையும் மிஞ்சலாகாது. விளையாடி முடித்ததும் முழுக் கனசதுரமாக்கியே பெட்டியில் வைக்க வேண்டும் என்றார். 1914-இல் நியூயார்க்கில் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட் அம்மையார் அந்த விதிகளைக் கைவிட்டார். ஒன்று, இரண்டு, நான்கு என நீளம் பெருகும் கட்டைகளைச் செய்தளித்தார். என்ன கட்டுவதென்பதைப் பிள்ளைகளே முடிவு செய்தனர்.