யந்திரமும் சீலமும்

பஞ்சசீலத்துள் ஐந்தாவது, மதியை மயக்கும் பொருள்களை விலக்குதலாகும். ஐதராபாத்தில் கஞ்சாவுக்கு அடிமைப்பட்ட இளைஞர் ஒருவர் என்னை வினவினார்: "ஐயா, இப்பழக்கத்தை அடக்க ஒரு யந்திரம் உண்டாமே. யந்திரத்தின் துணையால் விட்டவன் சீலம் காத்தவன் ஆவானா?"

அவர் கூறிய யந்திரம் கற்பனையன்று. 1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் என்பாரும் அவர்தம் துணைவரும் இதனை இயற்றினர். தலையின்மேல் கம்பிச் சுருளை வைத்துக் காந்தத் துடிப்புகளைச் செலுத்துவர். கத்தியில்லை, மயக்க மருந்தில்லை. ஆசையை அடக்கும் மூளைப் பகுதியில் சிறு மின்னோட்டம் எழும். அமெரிக்க மருந்துத் துறை 2008இல் மனச்சோர்வுக்கும், 2020இல் புகைப்பழக்கத்துக்கும் இதனை அனுமதித்தது. கஞ்சாவுக்கோ சிறு சோதனைகளே நிகழ்ந்துள்ளன. ஆகவே, இதுவே முடிந்த மருந்தென்று விற்பாரிடம் பொருளை இழத்தல் ஆகாது.

இனி, வினாவுக்கு வருவோம். யான் ஆலையில் பல்லாண்டு உழைத்தவன். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெருஞ்சக்கரம் சிறிது நேரம் சுழலும். அது தொழிலாளியின் விருப்பமன்று. முன் பெற்ற வேகம். அதன்மேல் பிரேக்கை அழுத்துவதை எவரும் இழிவென்று கருதார். 'விட்டேன்' என்று மனம் உறுதிகொண்ட பின்னும் உடலில் வேட்கை சுழல்வது இத்தகையதே. காரணத்தால் தோன்றியது காரணம் நீங்க நீங்கும் என்பது பகவானின் போதனை. வேட்கைக்கு உடற்காரணமும் உண்டெனில், உடலுக்கு மருந்து தேடுதல் தம்மத்துக்கு மாறன்று.

ஆயினும் பிரேக்கு சக்கரத்தை நிறுத்துமேயன்றி, மறுநாள் அதனை ஓட்டிவிடும் கையைத் தடுக்காது. அக்கை நம்முடையது. சீலம் அங்கே தொடங்குகின்றது.

கடமை அவனோடு முடிவதுமன்று. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் கஞ்சா வகைகளால் கேடுற்று உதவி வேண்டி நிற்போர் ஏறத்தாழ 72 லட்சம். அவர்களுள் நம் பிள்ளைகளும் உளர். விட முயல்பவனைக் "கஞ்சாக்காரன்" என்று இகழ்ந்து வாயிலில் நிறுத்தினால், அவனை ஏற்கப் பழைய கூட்டமே மிஞ்சும். வாயிலில் நிறுத்தப்படுவதன் துன்பம் நாம் அறியாததா? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும், தானே சிகிச்சை நாடும் அடிமைப்பட்டோரைச் சிற்றளவுக் குற்றங்களில் வழக்கினின்று காக்க இடம் தருகின்றது. சட்டம் காட்டும் கருணையை நாம் காட்டலாகாதா?

அவ்விளைஞருக்கு யான் கூறிய விடை இதுவே: "எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனைக்குச் செல்க. மருத்துவர் எதனைத் தக்கதென்பாரோ அதனை நாணாது ஏற்க. காலைதோறும் ஐந்தாம் சீலத்தை வாய்விட்டுக் கூறுக. மாலையில் கால்கள் பழைய தெருவை நாடும்போது, சங்கத்துக்கு வருக, உடன் அமர்ந்திருப்பேன்."