மெய்யும் மெய்ப்பித்தலும்

ஒருவர் சொன்னது மெய்யாகவே அமைந்துவிட்டால், அதனை அவர் அறிந்து சொன்னார் என்று கொள்ளலாமா? இவ்வினாவைத் தெளிவாக நம்முன் நிறுத்துகிறது ஓர் எண்ணின் வரலாறு.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 7 பகா எண், 9 அன்று. 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் 39 இலக்கங்கள் கொண்ட எண் கிடைக்கும். அதனை வகுக்கும் எண் உண்டா என ஒவ்வொன்றாகத் தேடுவதாயின், 20 இலக்க எண்கள் வரை செல்லவேண்டும். மனித ஆயுள் அதற்குப் போதாது.

1644ஆம் ஆண்டில் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, இவ்வாறு பிறக்கும் எண்களுள் பகா எண்கள் எவையெனப் பட்டியலிட்டார். 67 இரண்டுகளால் பிறந்த எண்ணும், 127 இரண்டுகளால் பிறந்த எண்ணும் அதில் இடம்பெற்றன. சான்று காட்டப்படவில்லை. 1876இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் காரணிகளைத் தேடாமலே உண்மை காணும் வழியொன்றைக் கண்டார். ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி இரண்டைக் கழித்தல். ஆராயும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்ளுதல். இதனையே உரிய அளவு திரும்பச் செய்தல். முடிவில் மீதி எஞ்சாவிடில் அது பகா எண். இதுவே அவ்வழியின் சாரம். 127க்குரிய எண் தேறியது, 67க்குரியது வீழ்ந்தது. வீழ்ந்த எண் 193707721, 761838257287 என்னும் இரண்டின் பெருக்கமே என 1903இல் அமெரிக்கரான கோல் காட்டினார்.

லூக்கா அந்த 39 இலக்க எண்ணில் எதனையும் சேர்க்கவில்லை. அது என்றும் பகா எண்ணே. அவர் சேர்த்தது நம் அறிவில். மெர்சென் மெய்யையும் பொய்யையும் ஒரே குரலில் சொன்னார். எது எதுவென அறிய, கேட்டவர்க்கு வழியில்லை. தற்செயலாக மெய்யைத் தொட்ட சொல் அறிவாகாது.

அனைத்தையும் நாமே மெய்ப்பித்துக்கொண்டு வாழ இயலுமா எனக் கேட்கலாம். இயலாதுதான். 2024இல் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று காணப்பட்டது. அதனை நாம் நம்பியே ஏற்கிறோம். ஆயினும் அங்கே சோதிக்கும் வழி எவர்க்கும் திறந்திருக்கிறது. பிறர் சொல்லை நம்புவது குற்றமன்று. வினவும் வழியை அடைத்துவிட்டு நம்பச் சொல்வதே குற்றம்.

தொலைவூர்களில் வளரும் நம் பிள்ளைகள் 'ஏன்?' என்று கேட்கின்றனர். 'பெரியவர்கள் சொன்னார்கள்' என்பதே நம் விடையாயின், நாம் சொன்னவற்றுள் ஒன்று பொய்க்கும் நாளில் மெய்யானவையும் சேர்ந்தே ஐயத்துக்கு உள்ளாகும். நாம் சொல்வது சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது சரியென அவர்கள் தாமே கண்டுகொள்ளும் வழியையும் சேர்த்துக் கொடுப்பது நம் கடன்.